சொந்தக்காரர் இல்லாத ஒரு நாடு வேண்டும்

ஜனவரி வெக்கை; இந்த நாட்டில் அதுதான் கோடை. சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த ஐரோப்பா வரைபடம் வியர்த்த முழங்கையில் ஒட்டிக்கொண்டு, நான் எழும்பும்போது தானும் எழும்பி வரும்…

பென்டில் ஹில்லில் எங்கள் பழைய யுனிற், அடுக்குமாடி வீடு. மகள் அபிக்கு அப்போது எட்டு வயது. ஐரோப்பா போகப்போகிறோம் என்பதை எங்களாலேயே நம்ப முடியவில்லை. நான் வேலை செய்த சைல்ட்கெயாரில் குழந்தைகளுக்கு நாப்பி மாற்றும்போதுகூட எனக்குள்ளே ரெயின் ஓடிக்கொண்டிருந்தது.

இவருக்கோ காரை வாடகைக்கு எடுத்து ஓட ஆசை. ஒவ்வொரு நாளும் சிற்றிக்கு ரெயினில் நின்றபடி போய்வருகிற மனிசன். லீவிலும் ரெயினா என்று முகத்தைச் சுழித்தார். நான் விடவில்லை. கார் வாசலில் நின்றால் அங்கே இருக்கிற எங்கள் சொந்தக்காரச் சனம் லேசில் அனுப்பாது. உங்கட கையிலதானே கார், இருந்து சாப்பிட்டிட்டு ஆறுதலாப் போங்கோ என்று இருத்திவிடும். ரெயின் என்றால் அந்தக் கதையே இல்லை. ரிக்கற் போட்டாச்சு, ரெயின் போயிடும் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டிலிருந்தும் மனஸ்தாபம் இல்லாமல் எழும்பலாம். அதைக் கேட்டபிறகுதான் மனிசன் வழிக்கு வந்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்… ஒரு ஹொட்டேல்.

சிரிக்காதீர்கள். கலியாணம் கட்டி அத்தனை வருசமாகியும் நாங்கள் ஹொட்டேலில் தங்கியதே இல்லை. மெல்பேர்ண் போனால் வெரிபீயில் மச்சாள் வீடு. கனடா போனால் மாமி வீடு. எங்கே போனாலும் விடிய எழும்பி, குளித்து, குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டவேண்டும். நானும் இவரும் பிள்ளையும் மட்டும், கையில் எங்கள் அறைக்கதவின் திறப்போடு, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் மூன்று நாள். அவ்வளவுதான் கேட்டேன். இவரும் தலையாட்டினார்.

ரிக்கற் போடும்வரை ஒருவருக்கும் சொல்லுவதில்லை என்று முடிவு. ஆனால் பாரிசில் இவருடைய அண்ணன் இருக்கிறார், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர். அவருக்குச் சொல்லாமல் எப்படி? இவர் ஒரு போன் கோல் எடுத்தார். நான் கோப்பைகளைக் கழுவி முடிக்கமுன் ஜேர்மனியிலிருந்து என் அக்கா எடுத்துவிட்டாள். அங்கே நாலு இரவு, எனக்கு ரெண்டோ என்று கேட்டு அழுகை வேறு. அடுத்தது சுவிஸ் சித்தி. தான் செத்தபிறகு வந்து பார்க்கப்போகிறோமா என்று கேட்டார். அதற்குமேல் என்ன கதைக்கிறது?

இப்படியே ஒவ்வொரு இரவாகப் பிய்த்துக் கொடுத்து, கடைசியில் என் மூன்று நாளும் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வரைபடத்தை இழுத்து, ஆஸ்திரியாவில் விரலை ஊன்றினேன்.

"இஞ்ச ஆர் இருக்கினம்?"

இவர் யோசித்தார். "ஒருத்தரும் இல்லை."

"வடிவா யோசியுங்கோ."

"என்னோட படிச்ச பெடியன் ஒருத்தன் இருந்தவன்… அவனும் லண்டனுக்குப் போயிட்டான்."

அன்றைக்கே புக் பண்ணினோம். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், பெயர்கூட எங்கள் வாயில் வராது. எல்லா வீட்டிலும் ஆளுக்கு ஓர் இரவைக் குறைத்துத்தான் அந்த மூன்று நாளை எடுத்தோம். அபி கட்டில்மேல் ஏறித் துள்ளினாள். நானும் துள்ளியிருப்பேன், கீழ் யுனிற்காரர் ஏசுவார்கள் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

பெரியத்தான் விடுவாரா? அந்த ஊரில் உங்களுக்கு என்ன வேலை என்று போனில் இவரைப் போட்டுக் குடைந்தார். இவருக்குப் பொய் வராது, அண்ணனிடம் உண்மையும் வராது. சும்மா 'ம்… ம்…' என்று முழுசிக்கொண்டு நின்றார். ரிக்கற்றை மாற்றச் சொல்லப்போகிறார், இவரும் ஓம் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனைப் பறித்தேன்.

"அத்தான், அங்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் போறம்."

குடும்பமே உடைந்தது என்று நினைத்தேன். பிறகு பின்னாலிருந்து அவருடைய மனிசியின் குரல் கேட்டது.

"அவளை விடுங்கோ. என்னையும் கேட்டிருந்தா நானும் வெளிக்கிட்டிருப்பன்."

பெரியத்தானே சிரித்துவிட்டார்.

போனோம். மூன்று நாளும் ஒரு வெங்காயம் வெட்டவில்லை. காலையில் தேத்தண்ணி போட்டாச்சு, எழும்பு என்று ஒருவரும் கதவைத் தட்டவில்லை. அந்தத் திறப்பை நான்தான் வைத்திருந்தேன், இவரிடம் கொடுக்கவே இல்லை. அவ்வளவு சந்தோசமாக நான் எங்கும் இருந்ததில்லை.

இப்போது மறுபடியும் போகிறோம். இந்தமுறை வரைபடமும் இல்லை, மேசையும் இல்லை. வளர்ந்து வேலைக்குப் போகிற அபி, சோபாவில் சாய்ந்தபடி போனிலேயே நாலு நாட்டுக்கும் கார், ஹொட்டேல் எல்லாம் போட்டு முடித்துவிட்டாள். இந்தமுறை காரை ஓடப்போவதும் அவள்தான். எனக்கு இப்போதே நித்திரை வருகுதில்லை, அவ்வளவு ஆசை.

ஆனால் ஒன்று… இந்தமுறை ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. சித்தி இப்போது இல்லை. அக்காவுக்கு முழங்கால் ஏலாது, மகனோடு போய் இருக்கிறாள். பெரியத்தானும் மனிசியும் சின்ன வீட்டுக்கு மாறிவிட்டார்கள். நாங்கள் வருகிறோம் என்று சொன்னபோது, வந்தால் ஒரு கோல் எடுங்கோ என்று மட்டும்தான் பெரியத்தான் சொன்னார். எத்தனை இரவு என்று கேட்கவே இல்லை.

பாரிஸ் ஹொட்டேலைக் கான்சல் பண்ணு, பெரியப்பா வீட்டில் நிற்போம் என்று நேற்று அபியிடம் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"அம்மா, போனா இன்னும் ரெண்டு நாள் நில்லுங்கோ எண்டு பிடிச்சு வைப்பினம். தென் வட், என்ன செய்யப்போறீங்கள்?"

"அந்தச் சொல்லைக் கேக்கத்தான் பிள்ளை போறன்."