கண்டிக்குப் போன ஐந்து ஜெலற்றின் வில்லைகள்

திருகோணமலையிலிருந்து கண்டிப் பக்கம் ஆய்வு மாதிரி கொண்டுபோகிறவர்கள் இப்போதும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் போர்க்காலத்தில் நான் போன ஒரு பயணத்தை எழுதுகிறேன். அன்புவழிபுரத்து வீட்டுக் குசினியில் ஜெலற்றினோடு கிளிசரினும் வினாகிரியும் சேர்த்துக் காய்ச்சி, மெல்லிய தாளாக உலர்த்தி, வட்ட வில்லைகளாக வெட்டியிருந்தேன். பற்றரிக்குள் மின்னைக் கொண்டுபோகும் அயன்கள் அவற்றுக்குள் எவ்வளவு இலகுவாக ஓடுகின்றன என்று அளப்பதுதான் என் முதுமாணி ஆய்வு. மஞ்சளான மூன்று வில்லைகள் இறக்கக்கண்டியில் வாங்கிய மீனின் தோலிலிருந்து எடுத்தவை. நிறமில்லாத இரண்டு கடைப்பொதி ஜெலற்றின். கண்டியிலிருந்த காந்த ஒத்திசைவுக் கருவி எனக்குக் கிடைத்தது ஒரேயொரு நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு. தவறினால் அந்த வருடப் படிப்பு போச்சு.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நூற்றெண்பது கிலோமீற்றர் மட்டில். வான் கூலி ஆறாயிரம் ரூபா. சாரதி கிண்ணியாக்காரர், சிங்களமும் நன்றாகப் பேசுவார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றே கூப்பிடுவேன்.

முதல் சோதனைச் சாவடியிலேயே வில்லைகள் இருந்த போத்தலைத் தூக்கிப் பார்த்து, என்ன இது என்று கேட்டார்கள். நானாவை முந்திக்கொண்டு, "பற்றரி செய்யிற சாமான்" என்றேன். டோர்ச் பற்றரி கொண்டுபோகவே கெடுபிடியாக இருந்த காலம்! நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கென்றே சொன்னது.

"என்ன தங்கச்சி, கதைக்கிற கதையா இது?" நானா தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்று மணித்தியாலம் வீதியோரம் நின்றோம். ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். சாப்பிடக்கூடிய சாமான்தான் என்று நானா சிங்களத்தில் மன்றாடினார். அப்படியானால் இரண்டு பேரும் சாப்பிட்டுக் காட்டுங்கள் என்றார் அதிகாரி. எனக்கு மஞ்சள் வில்லை கிடைத்தது. நானாவின் கையில் நிறமில்லாதது. அது மாட்டுத் தோலா பன்றித் தோலா என்று கடைப்பொதியில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

"தங்கச்சி, இது என்ன தோல்?"

மணியைப் பார்த்தேன். "மீன் தோல், நானா."

பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் வைத்தார். விட்டுவிட்டார்கள்.

ஒன்றேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மீன் வில்லை கடை வில்லையைவிட நன்றாக அயன்களைக் கடத்தியது. காந்த ஒத்திசைவும் அதையே சொன்னது: உள்ளே புரோத்தன்கள் தாராளமாக அசைந்தன. மேற்பார்வையாளர் கைகொடுத்தார். எனக்கோ அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் திரும்பும்போது கந்தளாயில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். அதற்குமேல் பொறுக்க ஏலாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நானா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "எனக்குத் தெரியும் தங்கச்சி. மீன் தோலெண்டா கொஞ்சமாவது மீன் மணக்கும்தானே. வாயில வைச்ச உடனே விளங்கிட்டு."

"பிறகு ஏன் துப்பேல்ல?"

"துப்பியிருந்தா உங்களை விட்டிருப்பாங்களா?"

அதன்பிறகு வீடு வரும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை.

ஆகவே, போகிறவர்கள் மாதிரிகளைக் காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள். ஈரம் பட்டால் அளவு பிழைக்கும். மாதிரி என்னவென்று விளக்கும் கடிதம் மூன்று மொழியிலும் வைத்திருங்கள். கூட வருகிறவர் இது என்னவென்று கேட்டால், கருவி உங்களுக்காகக் காத்திருந்தாலும், உண்மையைச் சொல்லுங்கள். விழுங்குவதா துப்புவதா என்று அவரே முடிவெடுக்கட்டும்.