இரண்டும் இடது கால்

சவுரியம்மாள் வென்றவற்றில் முதலாவது, மாதனூரிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு; பதினோரு ஆண்டு நின்றுகொண்டே போய் வென்றது. அடுத்தது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு தையல் மெஷின். மூன்றாவது, ஒரு சினிமாவில் கதாநாயகி வேடம். ஆள் தேர்வுக்கு வந்த பெண்களில் அவள் மட்டும் பவுடர் போட மறந்திருந்ததால் இயக்குநர் அவளையே பிடித்துக்கொண்டார்.

அண்ணன் இருதயராஜுக்கு அந்தப் படத்தில் ஒரே குறைதான்: கதை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அவள் பஸ் ஏறுகிறாள், ஷூவின் மேல்தோலைத் தைக்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். தைக்கிற காட்சி மட்டும் நாலு நிமிடம், பேச்சே கிடையாது. சென்னையில் போட்டுக் காட்டியபோது தாடிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தைப்பது இரண்டுமே இடது கால். ஜோடி சேராத வாழ்வின் குறியீடு அல்லவா?"

இயக்குநருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார்.

வேனில் திரும்பும்போது சவுரியம்மாள் கேட்டாள். "அந்த எடத்த வெட்டிடுங்க சார். ஆம்பூர்ல காட்டினா என் பொழப்பு போய்டும்."

"அதாம்மா படமே," என்றார் இயக்குநர்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனியின் சாம்பிள் ரூமுக்கு ஒரு தையல்காரி வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்கு மாதிரியாகப் போகும் ஜோடிகளை அங்கேதான் தைப்பார்கள். நூலளவு பிசகக் கூடாது. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் சூப்பர்வைசர் அதாவுல்லா. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர்க் கல்யாண மண்டபத்தில் படம் போட்டபோது, அவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

வந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வாசலில் நின்று இருதயராஜ் எண்ணினார். அரை மணிக்குள் தொண்ணூற்று நாலு பேர் டீ குடிக்க வெளியேறினார்கள். பிரியாணி இன்னும் போடாததால் தொண்ணூற்று நாலு பேரும் திரும்பினார்கள். "படம் எப்போ ஆரம்பிக்கும்?" என்று ஒருவர் கேட்டார். ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

தைக்கிற காட்சி வந்தது. சென்னை அழுத இடத்தில் ஆம்பூர் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இன்னாக்கா இது, ரெண்டும் லெஃப்டு," என்றாள் பக்கத்து மெஷின் ஷஹீன் பானு. மண்டபமே சிரித்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "அது ஒரு குறியீடு."

"அப்படின்னா இன்னா சார், ரிஜெக்டா?" என்றாள் ஷஹீன் பானு.

சவுரியம்மாள் எழுந்து நின்றாள். "குறியீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிச்சம் கம்மின்னு லெஃப்டையே ரெண்டு தபா தைக்க வெச்சாரு. ரைட்டும் தைச்சேன். அத வெட்டிட்டு ரெண்டு லெஃப்டையும் ஒட்டிட்டாரு."

அதாவுல்லா படத்தை நிறுத்தச் சொன்னார். திரையருகே போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஆளுயரத்துக்கு நின்ற தையலை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். தையல் வளைந்து திரும்பும் இடத்தில் வெகுநேரம் நின்றார். அந்தப் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த விமர்சகர் வேறு எவரும் இல்லை.

"தையல் ரெண்டும் பாஸ்," என்றார் அதாவுல்லா. "ஜோடி போட்டதுதான் தப்பு. அது இந்தம்மா வேல இல்ல. நாளைக்கு சாம்பிள் ரூமுக்கு வந்துடும்மா." பிறகு இயக்குநரைப் பார்த்தார். "உங்களுக்கும் வேல கத்துக்கணும்னா சொல்லுங்க தம்பி. ஹெல்பர் எடம் ஒண்ணு காலி இருக்குது."

சாம்பிள் ரூமிலிருந்து போகும் ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு சீட்டு போகும். தைத்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை எந்தத் தாளிலும் சவுரியம்மாள் வைத்தது பெருவிரல்தான். மை டப்பாவை நீட்டினார்கள். "வேணாம்," என்றாள். தன் பெயர் இருந்த கழுத்து அட்டையைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, தோலில் குறி போடும் வெள்ளிப் பேனாவால், ஏழு எழுத்தையும் வளைவு பிசகாமல் வரைந்தாள். புள்ளி இரண்டையும் விடவில்லை. இருதயராஜ் விசாரித்துக் குறித்துக்கொண்ட தேதி: 2024 ஜூன் 10, திங்கட்கிழமை.