சுவிஸில் வாடகை, லண்டனில் சொந்தம்

புதுக் கம்பளத்தின் பசை மணம் இன்றும் எனக்குக் குமட்டும். கர்க்லாண்ட் என்ற புறநகரில், அக்காவின் கணவர் வாங்கிய வீட்டு பேஸ்மென்டில் அன்றுதான் அதை ஒட்டியிருந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஏதோ ஒரு கோடை. தங்கச்சியைப் பார்க்க சூரிச்சிலிருந்து ஒருவன் வந்திருந்தான். மாதக்கணக்காகத் தொலைபேசியில் கதைத்து இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. அத்தான் ஓம் என்றால் கலியாணம்.

அத்தான் வேலையைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை. வடைத் தட்டு வந்தது, கூடவே கேள்வியும்.

"தம்பிக்குச் சொந்த வீடோ?"

"இல்லை அண்ணை, வாடகை. சுவிஸில டொக்டர்மாரும் வாடகைதான். வாங்கிற ஆக்கள் குறைவு."

"இவ்வளவு வருசமாய் ஆரோ ஒருத்தன்ர சுவரிலயோ ஆணி அடிக்கிறீர்?"

"ஆணி அடிக்க விடமாட்டாங்கள், அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். தன்னோடு சேர்ந்து சிரிப்பதாக நினைத்து அவனும் சிரித்தான்.

அத்தான், தங்கச்சிக்கு வந்திருந்த லண்டன் சம்பந்தத்தின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். மாப்பிள்ளையின் படமல்ல, வீட்டின் படம். செங்கல் முகப்பு, வெள்ளைக் கதவு. "இவர் முப்பது வயசில வாங்கிப்போட்டார்."

அந்த வெள்ளைக் கதவுக்குப் பின்னால் நான் ஒரு கிழமை தங்கியிருக்கிறேன். லண்டன் விலைக்கு வாங்கிய கடனைக் கட்ட, அறைக்கு நாலு பேராக வாடகைக்கு விட்டிருந்தான். கழிவறைக்கு வரிசை. சுவரெல்லாம் கறுத்த பூஞ்சணம், இருமல், ஈரத் துவாய். வீட்டுச் சொந்தக்காரன் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியின் காலடியில் சுருண்டு கிடந்தான். நாட்டுக்கு நாடு கூரையின் விலை வேறு, வழக்கம் வேறு. எங்கள் சனத்துக்கு மட்டும் எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வி. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் மனிதனின் கதவைத் தட்டிப் பார்க்கும் கேள்வி.

அதே நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நானும் வாடகைக்குத்தான் இருந்தேன். பேசினால் அத்தான் என் பக்கம் திரும்புவார். வடையை மென்றேன். அவரைவிட, மென்றுகொண்டிருந்த என் வாய்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. படிக்கட்டில் நின்ற தங்கச்சி என்னையே பார்த்தாள். அந்த லண்டன் வீட்டின் கதையை அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன் நான்தான்.

"சரிவராது தம்பி," என்று அத்தான் அவனிடம் முடித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் விமான நிலையத்தில் அவனுடைய பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.

"அண்ணை, அந்த லண்டன் வீட்டில நீங்கள் நிண்டனீங்களாம். அவ சொன்னவ," என்றான். "இப்பவும் பிந்தேல்லை. உங்கட அத்தானிட்ட ஒருக்காச் சொல்லுவீங்களோ?"

"பிறகு கதைப்பம், தம்பி."