வருஷம் வெட்டாத ஜன்னல்

என் வீட்டுக்காரர் நல்ல கல்தச்சர். நல்ல மனுஷரா என்று மட்டும் கேட்காதீர்கள். என் தம்பியும் அதே தொழிலில், அதே இடத்தில் இருக்கும்வரை அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

மலை உச்சியில் இடிந்து கிடக்கும் கோட்டையில்தான் எங்கள் மூவருக்கும் வேலை. எழுநூறு வருஷத்துக்கு முன் ஒரு சிற்றரசன் கட்டியது. எதிரி வந்து ஒரு வருஷம் முற்றுகை போட்டான். உள்ளே தண்ணீர்த் தொட்டி வற்றியதும் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜெயித்தவன் தீ வைத்துவிட்டுப் போனான். மிச்சமிருந்த கல்லை ஊர்க்காரர்கள் வீடு கட்ட இறக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வாசற்படிகூட அங்கிருந்து வந்ததுதான், வெளியே சொல்லிவிடாதீர்கள்.

இப்போது அரசாங்கம் அதைச் சீர் செய்கிறது. இவரும் தம்பியும் கல் செதுக்குகிறார்கள், நான் சுண்ணாம்பு குழைக்கிறேன். அங்கே ஒரு விதி ரொம்பக் கறார். புதிதாக வைக்கும் ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் அந்த வருஷத்தை வெட்ட வேண்டும். பழசு எது, புதுசு எது என்று பின்னால் குழப்பம் வரக்கூடாதாம். வெட்டாதவனுக்கு அன்றே சீட்டு கிழியும்.

தம்பி கட்டிய வாசல் வளைவு பத்திரிகையில் படமாக வந்த அன்று இவர் சாப்பிடவில்லை.

"அந்த வளைவு கோணல். உனக்குத் தெரியல?"

"நேராத்தானே இருக்கு!"

"தம்பின்னா உனக்குக் கண்ணு அவிஞ்சிடுமே."

பன்னிரண்டு வருஷமாக இந்த வயிற்றெரிச்சலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். தம்பி புதுச்சட்டை போட்டால் இவருக்குத் தலைவலி வரும்.

பிறகு தம்பியை நாலு மாதம் குவாரிக்கு அனுப்பினார்கள். அதுவரை புதர் மூடி யாரும் ஏறாமல் கிடந்த மேற்குக் கோபுரத்தின் படிக்கட்டும் ஜன்னலும் இவர் கைக்கு வந்தன. வேலை கொடுத்த மேற்பார்வையாளரும் நடுவில் மாற்றலாகிப் போனார். இவருக்கு வெறி பிடித்துக்கொண்டது. புதுக் கல்லைப் புகையில் கருக்கினார், மூலைகளைத் தேய்த்து மழுக்கினார், என் சுண்ணாம்பில் கரித்தூள் கலக்க வைத்தார். படிக்கட்டில் வருஷம் வெட்டினார், ஜன்னலில் வெட்டவில்லை.

"என்னங்க, வேலைக்கே உலை வைக்கிறீங்களா?"

"சும்மா இரு. பெரிய அதிகாரி பார்த்து ஏமாறட்டும். அப்புறம் நான்தான்னு சொல்றேன். உன் தம்பி மூஞ்சி போற போக்கைப் பாரு."

பெரிய அதிகாரி வந்தார். அந்த ஜன்னலை அரை மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார். "தீயில தப்பிச்ச ஒரே ஜன்னல்! என்ன கை, என்ன கை!" என்றார். இவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவரே திரும்பி, "வேற கோட்டையில வருஷம் வெட்டாத ஒருத்தனைப் போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பினேன். உங்க படிக்கட்டு சுத்தமா இருக்கு" என்றார். இவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரமே பலகை வைத்தார்கள்: 'பெயர் தெரியாத பழங்காலக் கலைஞரின் கைவண்ணம்.'

"இப்ப யார் மேலங்க வயித்தெரிச்சல்?" என்று கேட்டேன்.

"செத்துப்போனானே, அவன் மேலதான்" என்றார். இவர் சிரிக்கவில்லை.

குவாரியிலிருந்து திரும்பிய தம்பி, தினமும் அந்த ஜன்னல் முன் நின்று அளவெடுக்கிறான். நேற்று மத்தியானம் நாங்களும் அங்கே இருந்தோம்.

"மாமா, இதெல்லாம் நமக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அந்த ஆள் மட்டும் உயிரோட இருந்தா, கால்ல விழுந்துடுவேன்."

இதைக் கேட்கத்தானே இவர் இத்தனை வருஷம் கிடந்து வெந்தார்! விறுவிறுவென்று போய் ஜன்னலடியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார்.

"விழுடா" என்றார்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "நகருங்க மாமா, ஜன்னலை மறைக்கிறீங்க."

இவர் நகர்ந்துகொண்டார். நான் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் உளறிக் கொட்டியிருப்பேன்.