பதினான்காம் எண் சட்டை

சனிக்கிழமை காலை 7.10. கிண்டி மெட்ரோ நிலையத்தில் வண்ணாரப்பேட்டைக்கு நாற்பது ரூபாய்ச் சீட்டு எடுத்தேன். பையில் இருந்தவை: எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் முதல் குழுப்படம், அந்த அணி முதல் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் நகல், ஓர் அடிக்கோல், இரண்டு பென்சில், தண்ணீர்.

புதிய உள்ளரங்கின் சுவரில் அணியின் வரலாறு ஒரு பெரிய பலகையாக வரப்போகிறது. தொகுக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான் சிவில் இன்ஜினியர்; நான்கு ஆண்டுகள் அந்த அணியில் ஆடியவள்; பட்டியல் போடாமல் ஊறுகாய்கூட வாங்கமாட்டேன் என்று தோழிகள் சொல்வார்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் பலகை செய்பவருக்கு வாசகம் போய்ச் சேர வேண்டும். நாற்பத்தைந்து ஆண்டு வரலாற்றில் மிச்சம் இருந்தது முதல் வரி மட்டும்: ‘முதல் கோப்பை, 52–51. சிறந்த ஆட்டக்காரர்: எண் 14, பிலோமினா, 18 புள்ளிகள்.’

பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்க அவரை முந்தின நாள் போனில் அழைத்தேன். “அத்த அப்டியே போட்டுறாதம்மா. சொவத்துல ஏத்திட்டா அப்பால அழிக்க முடியுமா? நாளைக்கி ராயபுரம் டேசனுக்கு வந்துரு. எண்ணூருக்குப் போவணும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

7.48. வண்ணாரப்பேட்டையில் இறங்கி ராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். எண்பது ரூபாய்.

“ரயிலுக்கா?” என்றார் ஓட்டுநர். “இன்னா மா நீ, மெட்ரோலேந்து எறங்கி ரயிலுக்குப் போறே? அந்த மெட்ரோவே விம்கோ நகர் வரிக்கும் போவுதே.”

“ராயபுரத்துல ஒரு அக்கா எனக்காக வெயிட் பண்றாங்க.”

“அப்போ அக்காவத்தான நீ மெட்ரோவுக்கு வரச் சொல்லிருக்கணும்? படிச்சவங்களுக்கு வயியே தெரியாது.”

நல்ல யோசனைதான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னும் ஆறு லாரிகள். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன நான் நிலைய வாசலில் இறங்கியபோது 8.14.

நீலச் சேலையும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக ஓர் உயரமான பெண்மணி தூணோரம் நின்றிருந்தார். குழுப்படத்தில் பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவது முகம். அவரைப் பார்த்ததும் என் வலது கை தானாக நேரே மேலே போயிற்று. அவர் சிரித்துவிட்டார்.

“இன்னாடி இது, நீங்க இன்னும் கை தூக்கிகினு கீறீங்களா?”

எங்கள் அணியில் அப்படித்தான். பயிற்சிக்குத் தாமதமாக வந்தாலும், பந்தைத் தொலைத்தாலும், அடுத்தவள் டிபனைத் தின்றாலும் கையை நேரே தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. யார் ஆரம்பித்தது என்று எங்கள் செட்டில் எவருக்கும் தெரியாது. இன்னொரு வழக்கம், எத்தனை வயதானாலும் முன்னால் ஆடியவர் அக்காதான். அறுபத்தாறு வயது பிலோமினாவும் அக்கா.

“அது பயக்கம் இல்லம்மா, ரூலு” என்றார் பிலோமினா அக்கா. “அப்போல்லாம் ஃபவுல் பண்ணா கைய தூக்கிகினு நிக்கணும். டேபிளாண்ட குந்திகினு எய்துறவன் நம்பர பாக்கணும்ல?”

விதி பிறகு போய்விட்டது; கை மட்டும் அணியில் தங்கியிருக்கிறது. பலகைப் பட்டியலில் இதை ஒன்பதாவது குறிப்பாகச் சேர்த்துக்கொண்டேன்.

8.52-க்கு வர வேண்டிய வண்டி 9.04-க்கு வந்தது. ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். எதிரெதிரே ஜன்னல் இருக்கை கிடைத்தது. தண்டையார்பேட்டை எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நகர்ந்தபோது அக்கா ஸ்கோர் ஷீட் நகலை வாங்கி மடியில் விரித்தார்.

“இந்தப் பதினெட்டு பாய்ண்ட்டு நான் போடல.”

“அப்புறம் யாரு போட்டா?”

“கனி. செல்வக்கனி. நான் அன்னிக்கி பெஞ்சுலயே குந்திகினு இருந்தேன். ஒரு நிமிசம்கூட எறங்கல.”

நடந்தது இது. செல்வக்கனியின் எண் 7. முதல் பாதி முடியும் நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி பிடித்து இழுத்ததில் அவர் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்துவிட்டது. அணியிடம் இருந்தது ஒரே செட் சட்டை. டைம் அவுட் கேட்டு, நாலு பேர் போர்வையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, பிலோமினா தன் 14-ஐக் கழற்றிக் கொடுத்தார். கிழிந்த 7-ஐத் தான் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை மாறினால் முதலில் ஸ்கோர் எழுதும் மேசைக்குச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் சொல்வார் என்று இவர்கள் நினைத்தார்கள்; இவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். மேசையில் இருந்தவர்களோ 7 வெளியே போய் 14 உள்ளே வந்திருக்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். இருவரும் ஒரே உயரம், ஒரே இரட்டைப் பின்னல்.

“மறுநாள் பேப்பர்ல எம்பேரு. எங்க தெருவுல மால போட்டாங்க. சர்ச்சுல பேரச் சொன்னாங்க. எத்தினி தபா சொல்லலாம்னு பாத்தேன், வாயி வரல. அவளும் ஒரு தபா கூட கேக்கலியே. அதான் பேஜாரு. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.”

இன்று எண்ணூரில் செல்வக்கனியின் எதிரில் இதைச் சொல்லி, பலகையில் பெயரை மாற்றிவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் திட்டம். எனக்கு அது எளிய திருத்தமாகவே தோன்றியது.

விம்கோ நகர் தாண்டியதும் உப்பும் கரியும் கலந்த எண்ணூர்க் காற்று ஜன்னலில் அடித்தது. அக்கா ஆழமாக மூச்சு இழுத்து, “வந்துட்டோம்” என்றார்.

9.45. நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய் தூரத்தில் செல்வக்கனி அக்காவின் மொத்த மளிகைக் கடை. குடும்பம் தூத்துக்குடிப் பக்கம். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“வா பிலோ. ஷூ போட்டுட்டு வந்திருக்க, மேட்ச் ஆடவா?”

“உங்கூட இன்னாத்த ஆடுறது, மூட்ட மாதிரி ஆயிட்ட.”

“மூட்டைன்னா கடைக்குப் பொருத்தமாத்தான இருக்கேன்.”

கருப்பட்டிக் காபி வந்தது. பிலோமினா அக்கா அதைத் தொடாமல், ரயிலில் சொன்னதை மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். செல்வக்கனி அக்கா தன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

நான் அரிசி மூட்டை மேல் நகலை விரித்து அடிக்கோலை வைத்தேன். எண் 7-க்கு நான்கு புள்ளிகள், எண் 14-க்குப் பதினெட்டு. கூட்டினால் இருபத்திரண்டு. பென்சிலால் எழுதினேன். பழக்க தோஷத்தில் பக்கத்துக் கட்டங்களையும் கூட்டினேன். அவை ஃபவுல் கட்டங்கள். 7-க்கு எதிரே மூன்று, 14-க்கு எதிரே நான்கு.

பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். ஒருவரே இரண்டு சட்டையிலும் ஆடியிருந்தால் ஏழு. கடைசி நிமிடங்களில் அவர் களத்தில் இருந்திருக்கவே கூடாது. ஒரு புள்ளியில் வென்ற ஆட்டம்.

“அக்கா, மூணும் நாலும்…”

நான் முடிக்கவில்லை. செல்வக்கனி அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நேரே தூக்கினார். சம்பா மிளகாய்த் தூள் விரல்களில் ஒட்டியிருந்தது.

“அஞ்சாவதுக்கும் இப்படித்தான் தூக்குனேன்” என்றார். “டேபிள்ல பதினாலுக்கு ரெண்டாவதுன்னு அட்டையக் காட்டுனாங்க. அப்பவே சொல்லியிருக்கணும். பன்னெண்டு நிமிஷம் பாக்கி, நாம ஏழு புள்ளி பின்னால. சொல்லல. புள்ளி எம்பேருக்கு வேணும்னு கேட்டா ஃபவுலும் சேந்து வருமே, கப்பு போயிருமேன்னுதான் வாயத் தொறக்கல. அவளாவது பேரோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

ரயிலில் நகலை விரித்தபோதும் பிலோமினா அக்கா புள்ளிகளை மட்டுமே பார்த்திருந்தார்; ஃபவுல் கட்டங்களை இதுவரை கவனித்ததே இல்லை.

“அடிப்பாவி! உன் பாய்ண்ட்ட நான் தூக்கினு போயிட்டேன்னு நாப்பத்தஞ்சு வருசமா கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கேக்கு குடுத்துகினு கீறேன்!”

“நான் மட்டும்? உம்பேர்ல நாலு ஃபவுல ஏத்திவிட்டோமேன்னு பொங்கலுக்குப் பொங்கல் அரிசி அனுப்பலயா?”

“அந்த அரிசியா? அதுல ஒரே கல்லு!”

“உன் கேக்கு அதவிடக் கல்லு.”

கடைக்கு வந்திருந்த இருவர் சாமான் கேட்காமல் நின்று பார்த்தார்கள். சிரித்து முடித்தபின்தான் விஷயம் மறுபடி எழுந்தது. வாசகம் ஆறு மணிக்குள் போக வேண்டும். மூன்று வழிகள் இருப்பதாகச் சொன்னேன். இருப்பதை அப்படியே விடுவது; புள்ளியை மட்டும் மாற்றுவது; முழுவதையும் எழுதுவது. நடுவர் கையெழுத்துப் போட்டபின் ஆட்ட முடிவு மாறாது, கோப்பைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன்.

“கப்புக்கு ஆவாது. பேருக்கு?” என்றார் பிலோமினா அக்கா. சிரிப்பு போய்விட்டிருந்தது. “மொத கப்பே டகால்டின்னு பொண்ணுங்க சொல்லும். பாய்ண்ட்ட மட்டும் மாத்து, போதும்.”

“பாதி எழுதாத” என்றார் செல்வக்கனி அக்கா என்னைப் பார்த்து. “ஒண்ணு அப்படியே விடு, இல்ல முழுசா எழுது.” பிறகு தோழியிடம் திரும்பினார். “கையத் தூக்கிட்டா அதோட முடிஞ்சுதுன்னுதான பிலோ ஆடுனோம்? நான் இப்பத்தான் தூக்கியிருக்கேன். யாரும் பாக்காம எறக்கச் சொல்லாத.”

பிலோமினா அக்கா காபியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. குடித்து முடித்துவிட்டு, “டேபிளுக்குச் சொல்லாதது நானுந்தான். அத்தயும் எய்து” என்றார்.

நகலின் பின்புறத்தில் மூவரும் எழுதினோம். ஒரு மணி நேரம் ஆனது. ‘வீராங்கனை’ என்ற சொல் வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் உடனே ஒத்துப்போனார்கள். கடைசியில் நின்றது:

‘முதல் கோப்பை, 52–51. எண் 7-இலும் பிறகு எண் 14-இலும் ஆடியவர் செல்வக்கனி: 22 புள்ளிகள், 7 ஃபவுல்கள். சட்டை கொடுத்தவர் பிலோமினா. மேசைக்குச் சொல்லவில்லை.’

12.20-க்கு அனுப்பினேன்.

மீன் குழம்புக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றேன். பிலோமினா அக்கா சாயங்காலம் வரை அங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். ரயிலில் விம்கோ நகர், அங்கிருந்து மெட்ரோ. கிண்டிக்கு ஐம்பது ரூபாய். பெட்டி குளிர்ச்சியாக, வாசனை எதுவும் இல்லாமல் இருந்தது. என் துப்பட்டாவில் மட்டும் எண்ணூரும் மிளகாயும் மிச்சம் இருந்தன. கிண்டி அலுவலகத்தில் நான் கூட்டிய கணக்குகள் எதுவும் இதுவரை தன் தப்பை ஒப்புக்கொண்டு கையைத் தூக்கியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தேரடி தாண்டும்போது பலகை செய்பவர் அழைத்தார்.

“மேடம், முதல் வரியில ஏழு ஃபவுல்னு வருது. எம் பையனும் ஆடுறான், அஞ்சுக்கு மேல போகாதாமே. அஞ்சுன்னு திருத்திடட்டுமா?”

“வேண்டாம்” என்றேன். “ஏழுதான்.”