ஷெட் மூன்றைத் தொட்டது யார்? எருமப்பட்டிப் பக்கம் ஒரு தணிக்கைப் பயணம்

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்கிற வேலையில் இருப்பவர்கள். மீதிப்பேர் நான் எந்த ஊரில் என்ன சாப்பிட்டேன் என்று பார்க்க வருகிறவர்கள். இந்த முறை இரண்டு தரப்புக்கும் நல்ல தீனி இருக்கிறது.

போன மாசி மாதம் நாமக்கல்லில் இருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் கோகிலா, முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவர். "எங்க பண்ணையில கம்ப்யூட்டரு, ஆப்பு எல்லாம் பத்திரமா இருக்குதான்னு ஒருக்கா வந்து பாத்துக் குடுக்கோணுங்க" என்றார். வங்கி, மருத்துவமனை, ஏற்றுமதி நிறுவனம் என்று ஏசி அறைகளையே பார்த்துச் சலித்துப்போயிருந்த எனக்குக் கோழிப்பண்ணை என்று கேட்டதும் கால் தரையில் நிற்கவில்லை. அன்று மாலையே ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

சென்னையில் இரவு ஏறினால் விடிந்ததும் சேலம் ஜங்ஷன். குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஜவ்வரிசி வாங்கலாம் என்று செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நடை போனேன். ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் மூட்டை இறக்கும் ஆட்களும் ஒரே சந்தில் நுழையப் பார்க்கிற இடம் அது. இரண்டு கிலோ கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூட்டையாத்தான் தருவோம்க்கா, தூக்கிக்குவீங்களா?" என்றார். மொத்த வியாபாரக் கடையில் போய்ச் சில்லறை கேட்டது என் அசட்டுத்தனம்தான். வெறுங்கையோடு புதிய பேருந்து நிலையம் வந்து நாமக்கல் பஸ் பிடித்தேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ராசிபுரம் பஸ் நிலையத்துக்குள் போய் வரும் வண்டி என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம், போகாத வண்டி என்றால் ஒன்றேகால் மணி நேரம். என்னுடையது ராசிபுரம் வண்டி. அங்கே ஏறிய ஒருவர் நெய் டின் ஒன்றை என் காலடியில் வைத்துவிட்டு, "பாத்துக்கோங்க" என்று பின்சீட்டுக்குப் போய்விட்டார். நாமக்கல் வரை நான்தான் காவல். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய், காவலுக்குக் கூலி கிடையாது.

நாமக்கல்லில் இருந்து பண்ணை பதினாறு கிலோமீட்டர், எருமப்பட்டி போகும் சாலையில். ஆட்டோக்காரருக்கு அறுபது வயது இருக்கும். முந்நூற்றைம்பது ரூபாய் பேசினோம். பண்ணை பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டோட எறக்கி உட்டுருவேன் சாமி. உள்ள உடமாட்டாங்க. நேத்து இன்னொரு பண்ணைக்குச் சவாரி போனேன், என் டயரே ஆகாதுங்க அவங்களுக்கு."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். கேட்டுக்குப் போனதும் தெரிந்தது. வாசலில் லாரி முழுதாக இறங்கி ஏறும்படி ஒரு மருந்துத் தண்ணீர்த் தொட்டி, வெளியிலிருந்து நோய்க்கிருமி ஒட்டி வராமலிருக்க. எந்த வண்டியும் அதில் டயரை நனைக்காமல் உள்ளே போக முடியாது. காவலாளி என்னிடம் விசாரணையை ஆரம்பித்தார். "மூணு நாளைக்குள்ள வேற பண்ணைக்குப் போனீங்ளா? ஊட்ல கோழி வளக்கறீங்ளா? கிளி, பொறா ஏதாச்சும்?" என் செருப்பை வாங்கிக்கொண்டு வேறு செருப்பு கொடுத்தார். கையில் மருந்து அடித்தார். லேப்டாப் பையைக்கூட விடவில்லை. எத்தனையோ பெரிய அலுவலகங்களில் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டு, "போங்க மேடம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு வாசலை நான் பார்த்ததே இல்லை, உள்ளுக்குள் கைதட்டினேன்.

கோகிலாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கணவர் தீவன மில்லைப் பார்த்துக்கொள்கிறார், பண்ணை முழுக்க இவர் பொறுப்பு. பழைய திறந்த ஷெட்டுகளோடு, போன வருடம் புதிதாக மூன்று அடைப்பு ஷெட்டுகள் கட்டியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் மூடியிருக்கும். ஒரு முனையில் காற்றைக் குளிர்விக்கும் ஈரத் தட்டிகள், மறுமுனையில் ஆள் உயர ஃபேன்கள். உள்ளே சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கன்ட்ரோலரில் ஓர் எண்ணை வைத்துவிட்டால், அது ஃபேன்களைத் தானே போட்டு நிறுத்தும். அந்த எண்ணைப் போனில் இருந்தும் மாற்றலாம்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். உங்களிடம் என்னென்ன இருக்கிறது, எதற்கு என்ன ஆபத்து வரலாம், வர வாய்ப்பு எவ்வளவு, வந்தால் அடி எவ்வளவு. பெரிய நிறுவனங்களில் இதற்கே மூன்று கூட்டம் நடக்கும், முடிவில் எல்லாமே முக்கியம் என்பார்கள். கோகிலா யோசிக்கவே இல்லை.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துச்சுன்னா ரெண்டு நாளு கஷ்டங்க, சமாளிச்சுக்குவேன். மூணாவது ஷெட்டுல முப்பதாயிரம் கோழிங்க, இப்பத்தான் முட்டைக்கு வந்திருக்குது. ஃபேன் நின்னா அரை மணி நேரங்கூடத் தாங்காதுங்க்கா."

அப்படியானால் அங்கிருந்தே தொடங்குவோம் என்றேன். அந்த எண்ணை யாரெல்லாம் மாற்ற முடியும்?

"நானு, சூப்பர்வைசர் ரங்கசாமி அண்ணன். அவ்வளவுதானுங்க."

நிச்சயமாகவா என்று கேட்டால், நிச்சயமாக என்றார். பார்த்துவிடலாம் என்று ஆபீஸ் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரில் அந்த ஆப்பைத் திறந்தோம். மூன்றாவது ஷெட், இருபத்தாறு டிகிரி. பயனாளர் பட்டியல் எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது அந்த இருபத்தாறு, முப்பத்துமூன்றாக மாறியது.

"நீங்க மாத்துனீங்ளா?" என்றார் கோகிலா.

"இல்லைங்க. நீங்களா?"

திரையில் ஃபேன் படங்கள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. அலாரம் அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? முப்பத்துமூன்று வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், உள்ளே இருபத்தெட்டு, அதனால் கன்ட்ரோலருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கோகிலா இருபத்தாறுக்கு மாற்றினார். ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி முப்பத்துமூன்று. மறுபடி இவர் மாற்ற, மறுபடி அந்தப் பக்கம் மாற்ற, கண்ணுக்குத் தெரியாத ஆளோடு கயிறு இழுப்பது மாதிரி இருந்தது.

கோகிலா மவுஸை விட்டுவிட்டுப் போனை எடுத்தார். "அண்ணா, மூணாவது ஷெட்டை மேனுவல்ல போடுங்க. ஏன்னு அப்பறம் சொல்றேன், மொதல்ல போடுங்க!"

ரங்கசாமி ஷெட்டுக்குள்ளேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. வெளியே இருந்திருந்தால் குளித்து உடை மாற்றித்தான் நுழைந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஃபேன்கள் ஒன்றாக இரையும் சத்தம் வந்தது. கோகிலா கண்ணை மூடி மூச்சு விட்டார். நானும்தான்.

அதற்குள் பயனாளர் பட்டியலைப் பிடித்துவிட்டேன். கோகிலா, ரங்கசாமி, அவர்களுக்கு மேலே மூன்றாவதாக ஒரு பெயர். கன்ட்ரோலர் விற்ற டீலரின் கணக்கு, எல்லா அதிகாரமும் உள்ளது. "இது ஆருங்க?" என்று கேட்டுக்கொண்டே கோகிலா அந்த டீலரின் சர்வீஸ் ஆள் பிரபுவுக்குப் போன் போட்டார். பிஸி. மறுபடி பிஸி. மூன்றாவது தடவை கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க பிரபு, எங்க ஷெட்டுல கை வெச்சீங்ளா?"

"இல்லீங்க்கா, நான் உங்க பண்ணைப் பக்கமே வரலீங்க. ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணையில இன்னைக்குக் குஞ்சு எறக்கியிருக்காங்க. சூடு பத்தலைன்னு போன் பண்ணாங்க, ஊட்ல இருந்தே ஏத்திட்டு இருக்கேன். ஷெட் மூணு, ஏத்த ஏத்த எறங்குதுங்க..."

பிரபுவுக்கே பாதியில் புரிந்துவிட்டது. அவர் போனில் எல்லாப் பண்ணைகளும் ஒரே கணக்கில் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஷெட் ஒன்று, ஷெட் இரண்டு, ஷெட் மூன்று. அவர் பண்ணை வரிசையில் ஒன்று தள்ளித் தொட்டிருக்கிறார். திருடனும் இல்லை, சதியும் இல்லை. ஒரு நல்ல மனிதர் காலையில் காபி குடித்துக்கொண்டே உதவி செய்திருக்கிறார்.

நான் தணிக்கைக்காரி. என் மூளை உடனே அறிக்கை எழுதப் போய்விட்டது. கோகிலா வேறு எதையோ நினைத்தார்.

"அப்ப அந்தக் குஞ்சுகளுக்கு ஆரு சூடு வெச்சது?"

குஞ்சுகளுக்கு வேண்டிய சூடு நம்மிடம் வந்துவிட்டது என்றால், அங்கே ஃபேன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரபு தடுமாறினார். கோகிலா அதட்டி அந்தப் பண்ணைக்காரர் எண்ணை வாங்கி, தானே கூப்பிட்டார். முன்பின் தெரியாத ஆள். "அண்ணா, ஆப்பை உடுங்க, கையில ஃபேனை நிறுத்துங்க, உங்க சூடு எங்க ஷெட்டுக்கு வந்துருச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்த மனிதர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "மூலையில ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கெடந்துச்சுங்க. இப்பத்தான் பிரிஞ்சு தீனிக்குப் போகுதுங்க. நல்லா இருப்பீங்க தாயி."

இத்தனை வருட வேலையில் ஓர் ஆபத்து என் கண் முன்னால் நடந்து, கண் முன்னால் தடுக்கப்பட்டது இதுதான் முதல் முறை.

அடுத்து டீலரே போனில் வந்தார். "எல்லாப் பண்ணைக்கும் இப்பிடித்தானுங்க வெச்சிருக்கோம், சர்வீஸுக்குச் சௌகரியம்" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கோகிலா முந்திக்கொண்டார்.

"வேற பண்ணைக்குப் போன செருப்போட உங்க ஆளை நான் உள்ள உடறனுங்ளா? அப்பறம் வேற பண்ணை பாத்த போனு மட்டும் எப்பிடிங்க நேரா ஷெட்டுக்குள்ள வருது?"

நான் பத்துப் பக்கத்தில் எழுத நினைத்தது அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குள் டீலர் வழிக்கு வந்தார். முழு அதிகாரம் கோகிலா பெயருக்கு மாறியது. பிரபுவுக்கு, கூப்பிட்டால் மட்டும், அன்றைக்கு மட்டும் அனுமதி. ஷெட்டுக்குப் பண்ணையின் பெயரோடு சேர்த்துப் பெயர் வைத்தோம். வாரம் ஒருமுறை மேனுவல் சுவிட்சைப் போட்டுப் பழக வேண்டும் என்று ரங்கசாமியிடம் சொன்னோம். ஆப் சொல்வதை மட்டும் நம்பாமல், ஷெட்டில் சூடு ஏறினால் தானே அடிக்கும் மணி ஒன்றைத் தனியாக மாட்ட முடிவானது. ஆபத்து பூஜ்யம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, எந்தத் தணிக்கைக்காரரும் சொல்லக்கூடாது. ஆனால் யார் கையில் எது இருக்கிறது என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்குச் சின்ன வெங்காயம் போட்ட முட்டைக் குழம்பு. மூன்று முட்டை சாப்பிட்டேன்.

இந்தப் பக்கம் இதே வேலையாக வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே நாளில் இரண்டு பண்ணை பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், இரண்டாவது கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். துவைத்த உடை ஒரு செட் பையில் இருக்கட்டும். நாமக்கல்லில் இருந்து எருமப்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் பண்ணைகள் சாலையில் இருந்து உள்ளடங்கி இருக்கும், ஆட்டோவே நல்லது. திரும்பும்போது நெய் வேண்டுமென்றால் ராசிபுரத்தில் இறங்கி வாங்குங்கள். போன இடத்தில் முதல் கேள்வியாக, எது நின்றால் உங்களால் அரை மணி நேரம் தாங்க முடியாது என்று கேளுங்கள். உங்கள் படிவத்தை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.

நான்கு மணிக்கு நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட். புதுச்சத்திரம் தாண்டியதும் மூன்றாவது ஷெட் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. மதியம், மாற்றங்களைச் சரிபார்ப்பதற்காக என் போன் எண்ணையும் கோகிலா அந்த ஆப்பில் சேர்த்திருந்தார். திறந்தேன். இந்தப் பண்ணையைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி ஏதோ ஆகிவிட்டதென்று உடனே கோகிலாவுக்குப் போன் போட்டேன்.

"ஒன்னும் ஆகலீங்க்கா. நாந்தான் உங்க பேரை எடுத்துட்டேன்."

நான் வேலை பார்த்து முடித்த எத்தனையோ பெரிய நிறுவனங்களில் என் பெயர் இன்னும் பட்டியலில் கிடக்கிறது, எடுங்கள் எடுங்கள் என்று எழுதி ஓய்ந்துவிட்டேன். இவரிடம் நான் அதைச் சொல்லவே மறந்திருந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். கோகிலாவுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை.

"கோவிச்சுக்கிட்டீங்ளா? வேலைதான் முடிஞ்சுதுங்களே, அப்பறம் உள்ள எதுக்குங்க நீங்க?"