ஐந்தாம் நம்பர் மலையில் ஒரு செஸ் போட்டி

செஸ் சொல்லிக்கொடுக்க மூளை வேண்டும் என்பார்கள். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சொல்லிக்கொடுக்க மலையேறக் கால் வேண்டும். ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கவரேஜ் தேடி அலைந்த அன்பர்களே, இந்தப் புலம்பல் உங்களுக்குத்தான்.

என் மாணவி நிரோஷினி. பதினாறு வயதுக்குட்பட்டோர் மாகாண அணிக்கு ஒன்லைனில் தேர்வு வைத்தார்கள். மூன்று சுற்று, இரண்டில் வென்றால் அணியில் இடம். அடுத்த வருடம் அவளுக்கு வயது கூடிவிடும் என்பதால் இதுதான் கடைசி வாய்ப்பு.

லைன் எப்படி?

போட்டிக்கு முதல் நாள், ஏற்பாட்டாளர் ஒருவர் கொழும்பிலிருந்து நிரோஷினியின் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தார். "ஒங்க பக்கம் லைன் எப்படி, நல்லா இருக்கா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எங்களுக்கு லைன் என்றால் குடியிருக்கும் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு. கொழும்பிலிருந்து ஒருவர் அதை விசாரிக்கிறாரே என்று அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் நின்ற நான் குறுக்கிடுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"எங்கங்க நல்லாருக்கு, மழ பேஞ்சா ஒழுகுது. தகரம் மாத்தித் தாரேன்னு தோட்டத்துத் தொர சொல்லி மூணு வருஷமாச்சுங்க!"

யோசனை

முதல் சுற்றில் வென்றாள். சொல்ல ஒன்றுமில்லை, அன்று கவரேஜ் இருந்தது.

இரண்டாம் சுற்றும் ஐந்தாம் நம்பர் மலையில், தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில்தான். தோட்டத்தில் வேறெங்கும் டேட்டாவுக்குக் கவரேஜ் கிடையாது. பத்து நிமிடமாக எதிராளி காய் நகர்த்தவே இல்லை. "மாட்டிக்கிட்டா, யோசிக்கிறா" என்று கிசுகிசுத்தேன். உண்மையில் அந்தப் பெண் எப்போதோ நகர்த்திவிட்டாள், எங்களுக்குத்தான் வந்து சேரவில்லை. நேரம் முடிந்து நிரோஷினி தோற்றாள் என்று திரை சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. கொழுந்துக் கூடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மாக்காவுக்கு அது முன்னமே விளங்கியிருந்தது.

"அந்தப் புள்ள எங்க சேர் யோசிச்சுச்சு, ஒங்க ஃபோனுல்ல யோசிச்சுச்சு!"

பண்டாரவளை

கடைசிச் சுற்றுக்கு மலையே வேண்டாம் என்று பண்டாரவளைக்கு பஸ் ஏறினோம். தெரிந்தவரின் மாடித் தையல் கடையில் வைஃபை இருந்தது. பிள்ளை என்னமாய் ஆடினாள்! எதிராளியின் ராணியை வெட்டினாள். இன்னும் இரண்டு நகர்த்தலில் மேட். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, கூடவே வைஃபையும். என் ஃபோனை எடுத்தால் டேட்டா இல்லை. முந்தின நாள் கவரேஜ் சரியா என்று பார்த்துப் பார்த்தே நான் தீர்த்திருந்தேன். கீழே ஓடி ரீலோட் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தபோது அவளுடைய நேரம் முடிந்திருந்தது. நடுவருக்கு ஃபோன் எடுத்துக் கெஞ்சினேன். விதி விதிதான் என்றார். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். நிரோஷினி அழவில்லை, என்னைக் குறை சொல்லவுமில்லை. பஸ்ஸில் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ரெண்டே மூவ்ல மேட் சேர். நீங்களாச்சும் பாத்தீங்கதானே?"

எங்கள் பக்கம் செஸ்ஸில் வெள்ளை, கறுப்பு, கவரேஜ் என்று மூன்று பேர் ஆடுகிறார்கள், அதில் மூன்றாமவர் இன்றுவரை தோற்றதே கிடையாது.